குண்டுக்கு அஞ்சாத பாடகர்

கரீபியக் கடலில் உள்ள சிறிய தீவு ஜமைக்கா. ஆப்பிரிக்காவில் இருந்து அடிமைகளாகக் கொண்டு வரப்பட்டவர்களின் சந்ததியாரே அங்கு பெரும்பாலோர்.

அங்குள்ள நைன் மைல் கிராமத்தில் 1945 பிப்ரவரி 6-ந் தேதி பாப் மார்லி பிறந்தார். தந்தை வெள்ளையர். தாய் கறுப்பினப் பெண். தாயுடன் தலைநகர் கிங்ஸ்டனுக்கு வந்து, சேரியில் வளர்ந்தார். வெல்டிங் வேலை பார்த்தார். நண்பர்களுடன் சேர்ந்து பாடினார். ஜமைக்காவின் 'ரெகே' இசை அவரால் உலகெங்கும் புகழ் பெற்றது.

1976-ல் ஜமைக்காவில் இரு கட்சியினருக்கு இடையே பயங்கர மோதல். மக்களுக்காக இலவசக் கச்சேரி நடத்த மார்லி முன்வந்தார். கச்சேரிக்கு இரண்டு நாள் முன்பு, டிசம்பர் 3-ந் தேதி, சிலர் அவர் வீட்டில் புகுந்து சுட்டார்கள். அவருடைய மார்பிலும் கையிலும் காயம். மனைவி ரீட்டாவின் தலையில் குண்டு பட்டது. இருவரும் உயிர் தப்பினார்கள்.

ஆனாலும் குறித்த நாளில் மார்லி மேடை ஏறினார்! கட்டுடன் நின்று பாடினார்.

1978-ல் மற்றொரு கச்சேரி. எதிரும் புதிருமாக இருந்த மான்லி, சியாகா என்ற இரு தலைவர்களையும் மேடைக்கு அழைத்து, கைகோக்க வைத்தார். மோதல் அதோடு ஓயவில்லை. ஆனால் அந்தக் காட்சியை மக்கள் மறக்கவில்லை.

1980 ஏப்ரலில் ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே விடுதலை பெற்றது. அந்த விழாவில் மார்லி பாடினார். அடிமைகளின் வழிவந்தவர், முன்னோரின் கண்டத்தில் சுதந்திர விழாப் பாடகர் ஆனார்!

மறு ஆண்டு மே 11-ந் தேதி புற்றுநோய் அவரைக் கொண்டு போயிற்று. அப்போது வயது 36.

2005-ல் அவருடைய 60-வது பிறந்த நாளுக்கு எத்தியோப்பியாவின் தலைநகர் அடிஸ் அபாபாவில் பெரிய ரெகே இசை விழா நடந்தது. ரீட்டாவும் பிள்ளைகளும் அங்கே பாடினார்கள்.