சிறைவாயிலில் வந்த சோதனை: ஜான் பன்யன் சரிதை

சோதனை என்றவுடனே மது, சூது முதலிய வெளிப்படையான பாவங்களையே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். நல்லோர் ஒருவரின் இதமான சொல்லாகவும், பெற்ற மக்கள்மீதுள்ள அன்பாகவும் அது வரக்கூடும் என்பதை நாம் நினைப்பது அரிது. அவ்விரு வடிவிலும் அதனைக் கண்டவர் ஜான் பன்யன் என்னும் பெரியார்.

இவர் 1628-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்துப் பெட்போர்டு நகரையடுத்த எல்ஸ்டோ என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் பழம் பாத்திரங்களுக்கு ஒட்டுப்போடும் கன்னார். மகனும் அத்தொழிலையே கற்றார். மணம் புரிந்த காலத்தில் இவர் இல்லத்தில் ஒரு தட்டோ கரண்டியோகூட இல்லை. மனைவியார் கொணர்ந்த சீதனம் இரண்டு பக்தி நூல்களே.

இளமையில் இவர் தம்மைப் பெரும்பாவி என்று நொந்துகொண்டமைக்குக் காரணமானவற்றுள் கோயில் மணியடித்தலும், நம் நாட்டுக் கிட்டிப்புள்ளை ஒத்த ஒரு விளையாட்டும் அடங்கும். இவை நமக்கு நகைப்பை விளைக்கலாம். ஆனால் பின்னர் வந்தது நகைப்பிற்குரியதன்று. கிறிஸ்துவை விற்றுவிடு என்றொரு எண்ணம் உண்ணும்போதும் உழைக்கும்போதும் ஓயாது இவரை நெருக்கியது. ஓராண்டளவு போராடிக் களைத்து, ஒருநாட் காலை படுக்கையிற் கிடந்தபடியே மனத்தினுள் அதற்கு இசைந்துவிட்டார். அதன்பின் தம்மை ஏசாவாகவே கருதி ஈராண்டிற்கு மேலாக நம்பிக்கையற்று அலைந்தார். தேவகிருபையால் மெல்ல மெல்லத் தெளிவடைந்த அவ்வரலாற்றை 1666-இல் வெளிவந்த தம் ஆத்தும சரிதையில் ஒளியாது எழுதியுள்ளார்.

1660-இல் இரண்டாம் சார்லஸ் அரசரானதும், அரசாங்கத் திருச்சபைக்குப் புறம்பாகக் கூடும் கூட்டங்களைத் தடுக்கும் பழைய சட்டங்கள் மீண்டும் கூர்மையடைந்தன. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் பன்யன் ஒரு பண்ணைவீட்டிற் பிரசங்கிக்கச் சென்றபோது, கைதுசெய்யக் கட்டளை பிறந்திருப்பதாக நண்பர் எச்சரித்தனர். தப்பியோட நேரமிருந்தது. இவரோ அருகிலிருந்த வயலிற் சற்று உலாவிச் சிந்தித்தார். தாம் ஓடினால் புதிதாய் நம்பினவர்களின் நெஞ்சம் தளரும் என்று கண்டு, மீண்டும் உள்ளே சென்று வேதத்தைத் திறந்தார். உடனே பிடிபட்டார்.

இனிக் கூட்டம் கூட்டிப் பிரசங்கிப்பதில்லை என்று வாக்களித்தால் விடுதலை, மறுத்தால் நாடுகடத்தல். 1661 ஏப்ரலில் பால் கோப் என்னும் நீதிமன்ற எழுத்தர் சிறைக்கு வந்து இவரிடம் வாதாடினார். அவர் கொடியவர் அல்லர், பணிவாகவே பேசினார். அயலாரிடம் தனித்தனியே நல்லுரை கூறுவதைத் தடுப்பார் இல்லை, கூட்டத்தை மட்டும் விட்டால் போதும் என்றார். ஆளுகை செய்வோர்க்குக் கீழ்ப்படிதல் பற்றிய பவுல் அப்போஸ்தலரின் போதனையையும் எடுத்துக்காட்டினார். வனாந்தரத்தில் நம் ஆண்டவரைச் சோதித்தவனும் வேதவாக்கியத்தோடு வந்தான் என்பது இங்கே நம் நினைவிற்கு வருகின்றது. பன்யன் அவருடைய அன்பான பேச்சுக்கு நன்றி கூறி, வாக்களிக்க மறுத்துவிட்டார்.

இதனினும் கடியது வீட்டிலிருந்து வந்தது. முதல் மனைவியார் இறந்துவிட, எலிசபெத் என்பாரை இவர் மணந்து அதிக காலமாகவில்லை. கணவர் சிறைப்பட்ட அதிர்ச்சியால் அவ்வம்மையாருக்குக் குறைப்பிரசவம் ஆகிக் குழந்தை மாண்டது. மூத்தாள் மக்கள் நால்வரையும் காக்கும் பாரம் அவர்மேல் விழுந்தது. அவ்விளம்பெண் நீதிபதிகள்முன் நின்று கணவருக்காக மன்றாடினார். மாத்யூ ஹேல் என்னும் நீதிபதி மனமிரங்கியும் பயனில்லை. மக்களுள் மூத்தவளாகிய மேரி பிறவிக் குருடி. அவள் பசியோடும் குளிரோடும் பிச்சையெடுத்துத் திரிவாளோ என்ற எண்ணமே பன்யனை யாவற்றினும் மிகுதியாக வாட்டியது. ஒரே ஒரு வாக்குறுதி. அன்றே அவளிடம் போய்விடலாம்!

இவரைப் பிடிவாதக்காரர் என்பாரும் உளர். அச்சிறுமியை நினைக்குந்தோறும் அக்கூற்றை எளிதில் தள்ளிவிட நமக்கும் இயலவில்லை. ஆயினும் இவர் அன்பற்றவராயிருந்து வென்றாரல்லர். நாடோறும் நெஞ்சு பிளக்க, அதனோடேயே நின்றார். அவ்வாக்கை அளித்திருந்தால், தம்மை நம்பி அப்பண்ணைவீட்டிற் கூடிய ஏழைகளுக்கு, இடர் வரும்வரை விசுவாசித்தாற் போதும் என்று கற்பித்தவராவார். சிறையில் நாடாக்களுக்கு உலோகப் பூண் கட்டும் வேலையைக் கற்றுக் குரோஸ் குரோஸாகச் செய்து விற்று, குடும்பத்திற்கு உதவினார். இவ்வாறு கழிந்தவை பன்னிரண்டு ஆண்டுகள். கதவின் திறவுகோல் அத்தனை நாளும் இவர் நாவிலேயே இருந்தது.

1672-இல் விடுதலையானார். அதற்குச் சற்று முன்னரே, கைதியாயிருந்த இவரைப் பெட்போர்டு சபையார் தம் போதகராகத் தெரிந்துகொண்டிருந்தனர். 1678-இல் மோட்சப் பிரயாணம் வெளிவந்தது. கன்னார் எழுதிய அவ்வெளிய உரைநடை, நெல்லை நாட்டு வைணவ மரபிற் பிறந்து கிறிஸ்தவரான எச். ஏ. கிருஷ்ண பிள்ளையவர்களின் கையில் இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியமாகி 1894-இல் அச்சேறியதைத் தமிழ் மாணவராகிய நாம் நன்கறிவோம்.

1688-ஆம் ஆண்டு கோடையில், சினங்கொண்ட ஒரு தந்தையையும் அவர் மகனையும் ஒப்புரவாக்கப் பன்யன் ரெடிங் நகருக்குக் குதிரைமேற் சென்றார். அது கைகூடியது. அங்கிருந்து கொட்டும் மழையில் நனைந்து லண்டன் சேர்ந்தவர் காய்ச்சலில் விழுந்து, ஆகஸ்டு 31-ஆம் நாள் உயிர் நீத்தார்.