வானிலும் பருவம் மாறுவதைக் கண்ட எட்வர்டு ஆப்பிள்டன்

கம்பளி ஆலைகளுக்குப் பெயர்போன இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில், கிடங்குத் தொழிலாளி ஒருவரின் மகனாக 1892 செப்டம்பர் 6-ஆம் தேதி பிறந்தவர் எட்வர்டு ஆப்பிள்டன். படிப்பில் கெட்டிக்காரரான அவர், உதவித்தொகை பெற்று 18 வயதில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதல் உலகப் போரில் இராணுவத் தகவல் தொடர்புப் பிரிவில் பணியாற்றியபோது வானொலி அலைகள் மீது அவருக்கு ஆர்வம் பிறந்தது.

அப்போது விடை தெரியாத கேள்வி ஒன்று இருந்தது. 1901-இல் மார்க்கோனி அனுப்பிய வானொலி அலை அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் போனது. நேர்கோட்டில் செல்லும் அலை, உருண்டையான பூமியைச் சுற்றி எப்படிப் போக முடியும்? வானில் மின்னூட்டம் கொண்ட அடுக்கு ஒன்று அலையைத் திருப்பி அனுப்பலாம் என 1902-இல் கென்னலியும் ஹெவிசைடும் கருத்துரைத்தனர். ஆனால், அதை நேரடியாக நிரூபித்தவர் இல்லை.

1924-இல் ஆப்பிள்டன் இலண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியரானார். அவ்வாண்டு டிசம்பர் 11-ஆம் தேதி, நியூசிலாந்து மாணவர் மைல்ஸ் பார்னெட்டுடன் சோதனையில் இறங்கினார். போர்ன்மத் நகரின் பிபிசி நிலையம், வழக்கமான ஒலிபரப்பு முடிந்தபின் அலைநீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றி அனுப்பியது. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த கருவியில் ஒலியின் வலிமை கூடிக் குறைந்தது. தரைவழி வந்த அலையும் வானில் பட்டுத் திரும்பிய அலையும் ஒன்றோடொன்று சேர்ந்ததே அதற்குக் காரணம். அதைக் கொண்டு அடுக்கின் உயரம் சுமார் 90 கிலோமீட்டர் எனக் கணக்கிட்டார். அதற்கும் மேலே, 200 கிலோமீட்டரைத் தாண்டி இன்னோர் அடுக்கு இருப்பதையும் பின்னர் கண்டறிந்தார். சிற்றலை வானொலி கடல் கடந்து நம் வீடுகளில் கேட்டதற்கு அந்த மேலடுக்குதான் முக்கியக் காரணம்.

சூரிய ஒளி காற்றிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரித்தெடுப்பதால் உருவாவது இந்த அயனி மண்டலம். ஆகவே, வெயில் உயரும் கோடையில் எலெக்ட்ரான்கள் பெருக வேண்டும், குளிர்காலத்தில் குறைய வேண்டும். கீழடுக்கு அப்படியே நடந்துகொண்டது. மேலடுக்கு அப்படி இல்லை. 1930-களில் எடுத்த அளவுகளில், குளிர்கால நண்பகலில்தான் எலெக்ட்ரான்கள் அதிகம் இருந்தன. கணக்குக்கு ஒத்துவராத அந்த எண்களை ஆப்பிள்டன் ஒதுக்கிவிடவில்லை. முரண் என்றே பதிவு செய்தார்.

1946-இல் இன்னொரு முரணையும் வெளியிட்டார். எலெக்ட்ரான்கள் காந்த நடுக்கோட்டுக்கு மேலே குறைந்தும் அதன் வடக்கிலும் தெற்கிலும் மிகுந்தும் இருந்தன. அந்த முரண் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

1939 முதல் பிரிட்டிஷ் அரசின் அறிவியல் ஆராய்ச்சித் துறைச் செயலாளராகப் போர்க்கால ஆய்வுகளை வழிநடத்தினார். 1941-இல் சர் பட்டமும் 1947-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசும் அவரைத் தேடி வந்தன. 1949 முதல் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த அவர், 1965 ஏப்ரல் 21-ஆம் தேதி காலமானார்.

காரணங்கள் பிற்பாடுதான் தெளிந்தன. கோடை நிலவும் பாதியிலிருந்து குளிர்காலப் பாதிக்கு வீசும் மேல்வெளிக் காற்று, அங்கே ஆக்சிஜன் அணுக்களின் பங்கைக் கூட்டுகிறது. எலெக்ட்ரான்களைத் தருவன அந்த அணுக்களே. நடுக்கோட்டில், பகல்நேர மின்புலம் எலெக்ட்ரான்களை மேலே தூக்க, அவை காந்தக் கோடுகள் வழியே இருபுறமும் சரிகின்றன.

இன்று அந்த எலெக்ட்ரான்களை எண்ண உதவுவது ஜிபிஎஸ். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் துணைக்கோளிலிருந்து வரும் இரு அலைவரிசைகளை அயனி மண்டலம் வெவ்வேறு அளவில் தாமதப்படுத்துகிறது. அந்த வேறுபாட்டிலிருந்து வழியில் இருந்த எலெக்ட்ரான்களின் மொத்த அளவு தெரிகிறது. மலேசியாவும் சிங்கப்பூரும் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், இங்கே மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும் அந்த அளவு பொதுவாகக் கூடுகிறது. சூரியக் கரும்புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில், திருத்தம் செய்யாவிட்டால் நண்பகலில் தூரக் கணக்கு பத்து மீட்டருக்கு மேலும் பிசகலாம்.

நிலம் அளப்போரும் விமானமோட்டிகளும் அந்தத் திருத்தத்தை நம்பியே வேலை செய்கிறார்கள். விடை தெரியாத நிலையிலும் ஆப்பிள்டன் மறைக்காமல் எழுதி வைத்த முரண்கள், இன்று அந்தத் திருத்தத்தில் கணக்கில் கொள்ளப்படுகின்றன.