25 ரூபாய் பங்கில் ஓடிய கப்பல்

கோவை சிறையில் செக்கு இழுத்தார் வ. உ. சிதம்பரம் பிள்ளை. மாடு இழுக்க வேண்டிய செக்கு அது! அவர் செய்த குற்றம் என்ன? வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துப் பேசினார். அவர்களுக்குப் போட்டியாகக் கப்பலும் விட்டார்.

பங்கு சேர்த்தார்

1872 செப்டம்பர் 5-ந் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர் வ.உ.சி. தூத்துக்குடியில் வக்கீலாக இருந்தார். அங்கிருந்து கொழும்புக்குப் போகும் கப்பல்கள் வெள்ளையர் கம்பெனியின் கையில் இருந்தன.

நம்மவருக்கும் கப்பல் வேண்டும் என்று துணிந்தார் வ.உ.சி. 1906 அக்டோபர் 16-ந் தேதி சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். அதை 40,000 பங்குகளாகப் பிரித்தார்கள். ஒரு பங்கு 25 ரூபாய். ஒரே பங்கு வாங்கியவரும் கம்பெனிக்குச் சொந்தக்காரர்தான்!

பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகள் வாங்கினார். லாபத்தை எண்ணாமல், நாட்டுப் பற்றினால் பணம் போட்டவர்கள் பலர்.

கப்பல் வந்தது

முதலில் வாடகைக் கப்பல் ஓடியது. வெள்ளையர் கம்பெனி நெருக்கியதால் கப்பலின் சொந்தக்காரர்கள் பின்வாங்கிவிட்டார்கள்.

வ.உ.சி. பம்பாய்க்குப் புறப்பட்டார். திரும்பினால் கப்பலோடு திரும்புவது, இல்லையேல் கடலில் உயிரை விடுவது என்பது அவருடைய சபதம். 1907-ல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. தூத்துக்குடி மக்கள் ஆனந்தக் கூத்தாடினர்.

வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பயணம் இனாம், குடையும் இனாம் என்றுகூட ஆசை காட்டியதாகச் சொல்வார்கள். ஆனாலும் சுதேசிக் கப்பலை மக்கள் கைவிடவில்லை.

சிறைவாசம்

1908 மார்ச் 12-ந் தேதி வ.உ.சி. கைதானார். ஜூலை 7-ல் 40 ஆண்டுத் தண்டனை! மேல்முறையீட்டில் அது 6 ஆண்டாயிற்று.

கோவை சிறையில் சணல் எந்திரம் சுற்றினார். கைத்தோல் உரிந்து ரத்தம் வடிந்தது. பிறகு செக்கில் பூட்டினார்கள். கோவை வக்கீல் சி. கே. சுப்பிரமணிய முதலியார் அவருக்குத் துணை நின்றார்.

தலைவன் உள்ளே, கம்பெனி வெளியே தத்தளித்தது. 1911-ல் அது கலைக்கப்பட்டது.

1912 டிசம்பரில் வ.உ.சி. விடுதலையானார். வரவேற்க ஒரு சிலரே வந்தனர். வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. அரிசிக் கடை வைத்துப் பிழைத்தார். வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி சன்னதைத் திரும்பப் பெற உதவினார். அந்த நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார்!

1936 நவம்பர் 18-ந் தேதி தூத்துக்குடியில் அவர் காலமானார். 2011-ல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது. பங்கு வாங்கியவர்கள் போட்ட பணம் போயிற்று. நம்மாலும் கப்பல் விட முடியும் என்ற துணிவு மட்டும் நாட்டில் நிலைத்துவிட்டது.