ஆதனூர் நந்தனார்: ஒரு வாழ்வும் அதைச் சொன்னவர்களும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட நெல்வயல்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்து மறைந்த நம் முன்னோருள் பெயர் நிலைத்தவர் மிகச் சிலரே. அச்சிலருள் தலையாயவர் ஆதனூர் நந்தனார். பண்ணையாளாகப் பிறந்து, ஆண்டையிடம் விடுப்புக் கேட்டுக் கெஞ்சி, ஒருநாள் தில்லை சென்று தீயில் மூழ்கியவர் என்றே நாம் அவரை அறிவோம். நாடகமேடையும் திரைப்படமும் நமக்குக் காட்டிய நந்தனார் அவரே. ஆயினும் அவர் உண்மையில் ஒருவருக்கு அடிமைப்பட்ட பண்ணையாள்தாமா? இக்கேள்வியுடன் பழைய நூல்களைப் புரட்டினால், ஒரு வாழ்வு காலந்தோறும் எப்படி மாற்றிச் சொல்லப்பட்டது என்பது விளங்கும்.

நந்தனார் சுந்தரமூர்த்தி நாயனாருக்கு முற்பட்டவர். சுந்தரர் தாம் பாடிய திருத்தொண்டத்தொகையில் திருநாளைப்போவார் என்று அவரைக் குறித்து வணங்குவதோடு அமைகின்றார். குலம் கூறவில்லை, ஊர் கூறவில்லை. பின்வந்த நம்பியாண்டார் நம்பி ஒரே பாட்டில் ஆதனூரையும் குலத்தையும் சுட்டி, அவர் முனிவராக மாறத் தில்லை மூவாயிரவர் கைகுவித்த செய்தியைச் சேர்க்கின்றார். அப்பாட்டிலும் தீ இல்லை. இதனை நம் இளைஞர்கள் மனத்தில் இருத்துதல் வேண்டும்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணம் பாடியபோதுதான் நமக்கு ஒரு முழு வாழ்வு கிடைக்கின்றது. சோழப் பேரரசின் அமைச்சராக இருந்தவர் அவர். எனினும் சேரியை உற்று நோக்கியவர் என்பதில் ஐயமில்லை. கோழிக்குஞ்சுகளும் நாய்க்குட்டிகளும் திரியும் முற்றம், உலர வைத்த தோல்கள், மரநிழல், நெற்குற்றும் மகளிர், விளையாடும் சிறுவர் எல்லாம் அவர் பாட்டில் உயிரோடு உள்ளன. அச்சேரியில் வாழ்ந்த நந்தனார் எவர் கையையும் எதிர்பார்த்தவர் அல்லர். பறைத்தொழிலுக்காக ஊரார் விட்ட மானிய நிலம் அவருக்கு உணவளித்தது. கோயில்களின் பேரிகை முதலிய கருவிகளுக்குப் போர்வைத்தோலும் இறுக்கும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், வழிபாட்டுக்குக் கோரோசனையும் அவர் கொடுத்து வந்தார். கோயிலுள் ஒலித்த இசைக்கெல்லாம் வேண்டிய பொருள் அவர் கையால் அமைந்தது. அந்த ஒலியை வாயிலுக்கு வெளியே நின்றுதான் அவர் கேட்க முடிந்தது.

வைத்தீசுவரன்கோயிலுக்கு அருகிலுள்ள திருப்புன்கூருக்கு அவர் சென்றபோது, வாயிலில் நின்ற அவருக்குக் காட்சி கிடைக்கும்பொருட்டு நந்தி விலகிய செய்தி யாவரும் அறிந்ததே. அதற்குப் பின் அவர் செய்ததை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. திரும்பும் வழியில் பள்ளமான ஓரிடத்தைக் கண்டு, அது குளத்துக்கு ஏற்றதென உணர்ந்து, தாமே நின்று வெட்டி முடித்தார். சேக்கிழார் இதை இறையருளால் அமைந்த நந்தனாரின் பணியாகவே கூறுகின்றார். ஆனால் பிற்காலத் தலக்கதையோ பிள்ளையாரை உதவிக்கு அழைத்துவிட்டது. குளம் வெட்டிய விநாயகர் என்றே அங்கு ஒரு திருவுருவம் உண்டு. பிள்ளையார்மீது நமக்கு மனக்குறை ஏதுமில்லை. மண்வெட்டி பிடித்தவர் யார் என்பது மறக்கப்படலாகாது என்பதே நம் கருத்து.

தில்லை செல்லும் ஆசை எழுந்த நாள்முதல் அவருக்கு இரவில் உறக்கம் இல்லை. விடிந்ததும், தம் பிறப்பை எண்ணி, அங்கே தமக்கு நுழைவு கிடையாதென உணர்ந்து நின்றுவிடுவார். நாளைப் போவேன் என்பார். பல நாள் கழித்து ஒருநாள் துணிந்து சென்றவர், வேள்விப்புகை எழும் நகரின் எல்லையில் இரவும் பகலும் சுற்றி வந்தார். கனவிற் கட்டளை பிறந்தது, தீ வளர்க்கப்பட்டது, அதனுட் புகுந்தவர் பூணூலணிந்த முனிவராக வெளிவந்து, அம்பலத்துட் சென்று மறைந்தார் என்பது சேக்கிழார் வாக்கு. பக்தியின் வெற்றி என்று இதனைப் போற்றுவோர் உளர். தோல் கொடுத்த கையும் குளம் வெட்டிய தோளும் உள்ளே செல்லும் தகுதி பெறவில்லை, உருமாறிய பின்னரே பெற்றன என்றால், அது எவருடைய வெற்றி?

ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் கழித்து, மாயவரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை இயற்றினார். 1860களின் தொடக்கத்தில் அது காரைக்காலில் அச்சேறியது. சேக்கிழாரிடம் இல்லாத ஒருவர் இதில் வருகின்றார். அவர்தாம் வேதியராகிய ஆண்டை. நாளை நாளை என்று நாள் தள்ளியதன் காரணமே இங்கு மாறிவிட்டது. சேக்கிழாரின் நந்தனாரைத் தடுத்தது பிறப்பு. பாரதியாரின் நந்தனாரைத் தடுத்தது பண்ணை. நாற்பது வேலி நிலத்தின் வேலையை ஒரே இரவில் முடித்துவிட்டுப் போ என்பது ஆண்டை விதித்த கட்டளை. நாற்பது வேலி என்பது சுமார் 265 ஏக்கர். அதை இறையருள் முடித்துக் கொடுத்ததாகவும், ஆண்டை அஞ்சிப் பணிந்ததாகவும் கதை செல்கின்றது. பாரதியார் தம் கண்முன் கண்ட தஞ்சைப் பண்ணை வாழ்வே இதில் புகுந்துள்ளது எனலாம். அந்தணராகிய அவர் அதை எழுதியது பாராட்டத்தக்கதே. அதே நூல் சேரியின் வீரனையும் காட்டேரியையும் இழிந்த தெய்வங்களாக ஒதுக்கியதையும் நாம் சொல்லாமல் விடலாகாது.

மண்ணின் நிலைமை கதையை மாற்றியது; மாறிய கதை மக்கள் மனத்தை மாற்றியது. காலட்சேப மேடைகளில் பண்ணையாளின் துயரைக் கேட்டு மிராசுதார்களும் கண்ணீர் விட்டனர். மறுநாள் கூலியை உயர்த்தினரா என்பது வேறு. 1935இல் கே. பி. சுந்தராம்பாளும், 1942இல் தண்டபாணி தேசிகரும் திரையில் நந்தனாராகத் தோன்றியபின், பாரதியாரின் நந்தனாரே நாட்டுக்கெல்லாம் நந்தனார் ஆனார். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் தஞ்சைக்கு வந்தது 1952இல்தான்.

இக்கதையை நம்மவர் சும்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை. 1914இல் மறைந்த அயோத்திதாசப் பண்டிதர், நந்தன் பௌத்த நெறி நின்ற அரசன், சூழ்ச்சியால் வீழ்த்தப்பட்டவன் என்று எழுதினார். அது வரலாறா என்று ஆராய்வோர் ஆராயட்டும். தம் முன்னோரின் கதையைப் பிறர் வாயிலிருந்து மீட்க முனைந்த துணிவு அவருடையது. அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட தீண்டப்படாதார் பற்றிய நூலை நந்தனார், ரவிதாசர், சோகாமேளர் ஆகிய மூவர் நினைவுக்கே உரிமையாக்கினார்.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் நம் மக்கள் 44 பேர் குடிசையில் வைத்துக் கொளுத்தப்பட்டனர். கூலி கேட்டதும் சங்கம் சேர்ந்ததுமே அவர்கள் செய்த குற்றம். அதன்பின் இந்நாட்டில் நந்தனாரின் தீயைப் பழைய மனத்தோடு எவராலும் கேட்க இயலவில்லை. 1978இல் இந்திரா பார்த்தசாரதி எழுதிய நந்தன் கதை நாடகத்தில் அத்தீ அருளின் தீ அன்று. மேலோர் திட்டமிட்டு மூட்டிய தீ.

இறுதியாக ஒரு பெயர். ஆரணி அருகே மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் பிறந்து, இளந்துறவியாகச் சிதம்பரம் வந்தவர் சுவாமி சகஜானந்தர். நந்தனார் தீக்குளித்த இடமென மக்கள் கருதும் ஓமக்குளத்தில் அவர் நந்தனார் பெயரால் மடம் அமைத்து, 1916இல் கல்விக் கழகமும் பள்ளியும் தொடங்கினார். நம்மவர் பிள்ளைகளுக்கு அங்கே உணவும் உறைவிடமும் எழுத்தும் கிடைத்தன. அவர் சட்டமன்றத்திலும் நம் மக்களுக்காகப் பேசி 1959இல் மறைந்தார். ஓமக்குளத்துப் பிள்ளைகள் எவரும் உருமாறி உள்ளே செல்லவில்லை. சேரியிலிருந்து வந்த கோலத்திலேயே பலகை எடுத்து உட்கார்ந்து படித்தனர்.