பஞ்சர் ஆனா ஓரமா நிக்கல... காந்தத்தோட ரோட்டில் இறங்கினார்! டி.வி.எஸ்-ல இருக்கும் அந்த 'எஸ்' யார் தெரியுமா?

எர்ணாவூர் மேம்பாலம் தாண்டி எண்ணூர் பக்கம் பைக்கில் போயிருக்கீங்களா? முன்னாடி ஒரு கன்டெய்னர் லாரி, பின்னாடி ஒரு கன்டெய்னர் லாரி, நடுவுல நீங்க. திடீர்னு பின் வீல் ஆட்டம் காட்டும். இறங்கிப் பார்த்தா டயர்ல ஆணி! ஆனா பெருசா பயப்பட வேண்டாம். கொஞ்ச தூரம் தள்ளிட்டுப் போனா ஒரு பஞ்சர் கடை வந்துடும்.

இதே பஞ்சர், ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு மண் ரோட்டில், 1912-ல் நடந்திருந்தா? கூப்பிட போன் இல்லை. வழியில மெக்கானிக் இல்லை. வண்டிக்குள்ள பயணிகள் வேற உட்கார்ந்திருக்காங்க. அப்படிப்பட்ட காலத்தில் பஸ் விடக் கிளம்பின ஒருத்தரின் கதை இது. அவர் பெயரின் மூணு எழுத்தை தினமும் ஏதாவது ஒரு வண்டியில் நீங்க படிச்சிட்டுத்தான் இருக்கீங்க.

டி.வி.எஸ்!

அதில் 'டி' என்பது சொந்த ஊரான திருக்குறுங்குடி. 'எஸ்' என்பது சுந்தரம். முழுசா டி.வி.சுந்தரம் ஐயங்கார்.

வேலையை விட்டார், பஸ்ஸைப் பிடித்தார்

1877 மார்ச் 22-ல், இன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கும் திருக்குறுங்குடியில் பிறந்தார். மகன் வக்கீலாக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. சட்டம், ரயில்வே, பேங்க் என்று ஒரு ரவுண்டு வந்தார். எல்லாமே அந்தக் காலத்தில் கௌரவமான உத்தியோகம். ஆனா மனசு எதிலும் ஒட்டவில்லை. 1911-ல் 'டி.வி.சுந்தரம் ஐயங்கார் அண்டு சன்ஸ்' கம்பெனியைத் தொடங்கினார். அடுத்த வருஷமே பஸ் சர்வீஸ்.

மாட்டு வண்டிகள் ராஜ்ஜியம் செய்த காலம் அது. மாட்டுக்குக் குளம்பு தேயாமல் இருக்க லாடம் அடிப்பாங்க இல்லையா? அந்த லாட ஆணிகள் கழன்று ரோடெல்லாம் கிடக்கும். மாட்டு வண்டியின் மரச் சக்கரத்தை அது ஒண்ணும் செய்யாது. காற்றடைத்த பஸ் டயரைக் குத்திக் கிழிச்சிடும்.

ஒவ்வொரு பஞ்சருக்கும் வண்டியை நிறுத்தி, டியூபைக் கழற்றி ஒட்டிக்கிட்டே இருந்தா பஸ் எப்போ ஊர் போய்ச் சேரும்? சுந்தரம் ஐயங்கார் வேற மாதிரி யோசித்தார். காந்தம் பொருத்திய ஒரு கருவியை ரோட்டில் ஓட்டி, ஆணிகளைப் பொறுக்கி எடுத்தார். டயரை ரிப்பேர் செய்றதுக்கு முன்னாடி ரோட்டையே ரிப்பேர் செய்துட்டார்!

பலன்? டி.வி.எஸ் பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தி வெச்சுக்கலாம்னு மதுரைப் பக்கம் பெரியவங்க இன்னைக்கும் பெருமையா சொல்வாங்க.

பெட்ரோல் இல்லையா... கரி இருக்கே!

அடுத்த சோதனை இரண்டாம் உலகப் போரில் வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பான் கைக்குப் போனது. பர்மாவில் இருந்து வந்துகொண்டிருந்த எண்ணெய் நின்றது. இங்கே பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு. டேங்க் காலியானா பஸ் வெறும் தகர டப்பாதான்.

அப்போது வந்ததுதான் 'டி.வி.எஸ் கேஸ் பிளான்ட்'. விஷயம் சிம்பிள். ஒரு உலையில் கரியைப் போட்டு, குறைவான காற்றில் எரிய விடணும். அப்போ கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு வரும். அதைக் குளிரவைத்து, தூசியை வடிகட்டி இன்ஜினுக்குள் அனுப்பினா, பெட்ரோலுக்குப் பதிலா அதுவே எரியும். இழுவை குறையும், கிளப்பவும் நேரமாகும். ஆனா வண்டி நகரும்! உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட 'கரி பஸ்' பற்றிக் கேட்டுப் பாருங்க. அதே போர்க்காலத்தில் ஜெர்மனி, ஸ்வீடன் நாடுகளிலும் விறகு வாயுவில் வண்டிகள் ஓடின.

தேய்ந்த டயரைத் தூக்கிப் போடாமல் மேலே புது ரப்பர் ஏற்றும் ரீட்ரெடிங் தொழிற்சாலையும் அவர் கணக்கில் வரும். நம்ம லாரி டிரைவர் அண்ணன்கள் 'ரீபட்டன்'னு சொல்றாங்களே, அந்த வேலைதான்.

பிறகு தொழிலை மகன்களிடம் ஒப்படைத்தார். 1955 ஏப்ரல் 28-ல் கொடைக்கானலில் காலமானார். வயது 78. ஊரெல்லாம் ஓடிய டி.வி.எஸ் 50 மொபெட் 1980-ல் வந்தபோது அதைப் பார்க்க அவர் இல்லை. காந்திகிராமத்தை உருவாக்கிய டாக்டர் சௌந்தரம் இவருடைய மகள்தான்.

சோலோ ரைடு போறீங்களா?

அப்படின்னா அவர்கிட்ட இருந்து ஒண்ணு எடுத்துக்கோங்க. எது உங்களை நடுவழியில் நிறுத்தும்னு கிளம்புறதுக்கு முன்னாடியே யோசிங்க. பழைய கிளட்ச் கேபிள் பக்கத்திலேயே புது கேபிள் ஒண்ணைக் கட்டி வெச்சுக்கோங்க. அறுந்தா மாட்டுறது ஈஸி. பஞ்சர் கிட், கைப்பம்ப், செயினுக்கு ஒரு லாக்... பையில் பெருசா இடம் பிடிக்காது. ஆனா சிக்னலே இல்லாத காட்டு ரோட்டில், இருட்டுறதுக்குள்ள ஊர் திரும்புறதா, ராத்திரி முழுக்க அங்கேயே கிடக்குறதாங்கிறதை இதுங்கதான் முடிவு பண்ணும்.

அடுத்த தடவை எர்ணாவூர்ல பஞ்சர் ஆனா, கடையில உட்கார்ந்து போனை நோண்டாதீங்க. அண்ணன் டயரை எப்படிக் கழற்றுறார்னு பக்கத்துல நின்னு பாருங்க. முடிஞ்சா, ஒரு தடவை நீங்களே கழற்றிப் பார்க்கட்டுமான்னு கேளுங்க!