நள்ளிரவில் எரிந்த மெழுகுதிரி

வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு நானா ஒரு மெழுகுதிரியை ஏற்றுவார். தங்கை சத்தமில்லாமல் வந்து பக்கத்தில் அமர்வாள். வாப்பாவுக்குத் தெரியாமல் அந்தச் சிறு வெளிச்சத்தில் அவளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பார். அந்தத் தங்கைதான் பின்னாளில் வங்காள முஸ்லிம் பெண்களின் கல்விக்காகத் தன் வாழ்நாளைக் கொடுத்த பேகம் ரொக்கையா.

ரொக்கையா 1880ஆம் ஆண்டு, இன்று பங்களாதேஷில் இருக்கும் ரங்பூர் பகுதியின் பாயராபந்த் கிராமத்தில், ஒரு ஜமீன்தார் குடும்பத்தில் பிறந்தார். ஆண்பிள்ளைகள் கல்கத்தாவுக்குப் படிக்க அனுப்பப்பட்டார்கள். பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதுவதும் கொஞ்சம் உருதும் போதும் என்று கருதப்பட்டது. மூத்த சகோதரி கரீமுன்னிஸா இரகசியமாக வங்காள மொழி படித்தார். அது தெரியவந்ததும் படிப்பு நிறுத்தப்பட்டுச் சிறு வயதிலேயே திருமணம் செய்து வைக்கப்பட்டார். ஆனாலும் தான் கற்றதைத் தங்கைக்குக் கற்றுக் கொடுக்க அவர் மறக்கவில்லை.

ரொக்கையாவுக்கு வாய்த்த கணவர் சகாவத் ஹுசைன், பாகல்பூரில் பிரதி நீதவானாக இருந்தவர். மனைவி படிப்பதையும் எழுதுவதையும் அவர் விரும்பினார். ரொக்கையா ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ என்ற கதை 1905இல் மதராஸிலிருந்து வந்த ஒரு பெண்கள் சஞ்சிகையில் வெளியானது. அந்தக் கதையில் பெண்கள் நாட்டை ஆள்கிறார்கள். சூரிய வெப்பத்தில் சமைக்கிறார்கள். வானத்தில் பறந்து பயணம் செய்கிறார்கள். முறையாகப் பாடசாலைக்கே போகாத ஒரு பெண்ணின் கற்பனை அது!

அதன்பின் துன்பங்கள் வந்தன. இரண்டு பெண்குழந்தைகளும் கைக்குழந்தைகளாகவே இறந்தன. 1909இல் கணவரும் வபாத்தானார். பெண்கள் பாடசாலை அமைப்பதற்கென அவர் ஒதுக்கி வைத்திருந்த பணத்தைக் கொண்டு, அதே ஆண்டில் ஐந்து மாணவிகளுடன் ரொக்கையா பாடசாலையைத் தொடங்கினார். குடும்பத்தில் எழுந்த சொத்துத் தகராறினால் பாகல்பூரை விட்டே போக நேர்ந்தது. அவர் சோர்ந்து போகவில்லை. 1911இல் கல்கத்தாவில் எட்டு மாணவிகளுடன் மீண்டும் தொடங்கினார். வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் பிள்ளைகளை அனுப்புமாறு கேட்டார்.

பர்தாவுக்காகப் பாடசாலை வண்டியைக் காற்றே புகாதபடி மூடியபோது பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். திறந்து திரைச்சீலை போட்டால், அது காற்றில் அசைகிறது என்று கண்டனக் கடிதங்கள் வந்தன. அடைபட்டு வாழ்ந்த பெண்களின் இத்தகைய உண்மைச் சம்பவங்கள் 47ஐ ‘அவரோதபாசினி’ என்ற நூலில் அவர் எழுதினார். தன் மார்க்கத்தை அவர் விடவில்லை. மார்க்கம் பெண்ணுக்குத் தந்த கல்வி உரிமையைத்தான் திருப்பிக் கேட்டார்.

தெஹியோவிட்டவில் காலையில் பஸ்ஸின் யன்னலோரம் அமர்ந்து, இறப்பர் மரங்களைப் பார்த்தபடி வரும்போது அந்த மூடிய வண்டி எனக்கு நினைவுக்கு வரும். உயர்தரம் முடிந்ததும் போதும் என்ற பேச்சு எங்கள் வீட்டிலும் ஒருநாள் எழுந்தது. அன்றிரவு எனக்குள்ளே ஒரு குரல், நான் அவ்வளவுதானா என்று கேட்டது. ரொக்கையாவின் வாழ்க்கையை வாசித்த பிறகுதான் அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தது. தன்னை மதிப்பது சுயநலமல்ல. தன்னை மதித்த ஒரு பெண்தான் மற்றப் பிள்ளைகளின் வீட்டுக் கதவையும் போய்த் தட்டினார். இந்தக் கதையை உம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தைத் தன்னிடம் தரச் சொன்னார்.

1932 டிசம்பர் 9ஆம் திகதி ரொக்கையா இறையடி சேர்ந்தார். பெண்களின் உரிமை பற்றி அவர் எழுதிக்கொண்டிருந்த கட்டுரை முடிவுறாமல் கிடந்தது. அவருடைய பாடசாலை கல்கத்தாவில் இன்றும் நடக்கிறது.

தோழிகளே, சாதித்த பெண்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தேடி வாசியுங்கள். பெற்றோரே, ரொக்கையாவுக்கு ஒரு நானாவும் ஒரு சகோதரியும் ஒரு கணவரும் வெளிச்சம் பிடித்தார்கள். உங்கள் வீட்டு மகளுக்கு அந்த மெழுகுதிரியை நீங்கள் ஏற்றிக் கொடுங்கள்.