பாரிஸ்டர் பட்டமும் பாலாற்று நீரும்

ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் ராணிப்பேட்டையிலும் வேலை முடிந்து ஆலை வாயிலைத் தாண்டும் தோழர்கள், வீடு திரும்பும் வழியிலே அவரைப் பார்க்கிறார்கள். கோட்டும் கண்ணாடியும் அணிந்து, கையிலே சட்டப் புத்தகம் ஏந்தி நிற்கிறார் அண்ணல் அம்பேத்கர். சட்டம் வகுத்த மேதை என்று போற்றுகிறோம், மாலை சூட்டுகிறோம். அந்தச் சட்டத்தைப் படிக்க அவர் பட்ட பாட்டை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

1891-ல் மோவ் என்ற இராணுவக் குடியிருப்பிலே பிறந்தவர். பள்ளியிலே கோணித் துணியில் தனியே உட்கார வைக்கப்பட்ட பிள்ளை. தாகமெடுத்தாலும் தண்ணீர்க் குழாயைத் தன் கையால் திறக்கக் கூடாத பிள்ளை. அவர்தாம் பரோடா மன்னரின் உதவித்தொகையிலே 1913-ல் அமெரிக்கா சென்று, கொலம்பியா பல்கலைக் கழகத்திலே பொருளாதாரம் கற்றார். 1916-ல் லண்டன் வந்து, கிரேஸ் இன் என்ற சட்டக் கழகத்தில் பெயரைப் பதிந்தார். ஓராண்டு நிறையவில்லை, உதவித்தொகை முடிந்தது. திரும்ப வேண்டியதாயிற்று. அவருடைய புத்தகங்களோ போர்க்காலக் கடலிலே கப்பலோடு மூழ்கின!

பரோடாவில் வேலை கிடைத்தது, தங்க வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலே தங்கியிருந்தவரைத் தடியோடு வந்தவர்கள் வெளியேற்றினர். இரண்டு கண்டங்களிலே படித்தவருக்கு மிஞ்சியது பூங்காவின் மரத்தடி.

வேறொருவராயிருந்தால் சட்டப் படிப்பைத் தலைமுழுகியிருப்பார். அவரோ 1918-ல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகி, சம்பளத்திலே மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் சாகு மகாராஜா உதவினார். நண்பர் நவல் பதேனா 5,000 ரூபாய் கடன் கொடுத்தார். 1920-ல் மறுபடியும் லண்டன்! விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். காலையிலே ஒரு துண்டு ரொட்டி, பகலெல்லாம் நூலகம், இரவிலே அப்பளம். பம்பாயிலே மனைவி ரமாபாய் வறுமையோடு போராடினார். பிறந்த ஐந்து குழந்தைகளில் நான்கைப் பறிகொடுத்த குடும்பம் அது. அண்ணலின் பட்டத்திலே அந்த அம்மையாரின் பட்டினியும் சேர்ந்திருக்கிறது. மேடைகளிலே இதை நாம் போதிய அளவு சொல்வதில்லை.

1922-ல் பாரிஸ்டர் ஆனார். 1923-ல் பம்பாய் உயர்நீதிமன்றத்திலே பதிவு செய்துகொள்ளும் கட்டணத்துக்குக்கூட நண்பரின் கையை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. பதிவு செய்தார், வழக்கு வந்ததா? தீண்டாதார் வக்கீலிடம் வழக்கைக் கொடுக்கச் சாதி தடுத்தது. ஏழை எளியோரின் வழக்குகளை ஏற்றார். வணிகச் சட்டம் கற்பித்துக் குடும்பத்தை நடத்தினார். 1926-ல் பார்ப்பனரல்லாதார் தலைவர்கள் மூவர் மீது தொடுக்கப்பட்ட அவதூறு வழக்கிலே அவர் வாதாடி வென்றபின் பெயர் பரவிற்று.

1927-ல் மகாத் நகரின் சவுதார் குளத்திலே இறங்கி நீர் அருந்தினார். மேல்சாதியார், குளம் எமது என்று நீதிமன்றம் ஏறினர். பத்தாண்டுகள் விடவில்லை அண்ணல். 1937-ல் உயர்நீதிமன்றத்திலும் தீர்ப்பு நம் பக்கமே. ஒரு கை தண்ணீருக்குப் பத்தாண்டு வழக்கு!

அப்படிப்பட்டவர் அரசியல் சட்டம் வகுக்க அமர்ந்தபோது, உரிமை பறிபோனால் குடிமகன் நேரே உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்டலாம் என்ற 32-ஆம் பிரிவையே சட்டத்தின் உயிராகக் கருதியதில் வியப்பென்ன?

அந்தக் கதவை நம் வேலூர்க்காரர்களும் தட்டினார்கள். தோல் ஆலைக் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுப்பதாக வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் வழக்கிட்டது, இதே 32-ஆம் பிரிவின்கீழ்தான். தோல் பதனிடும் வட்டாரத்திலே ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பாழ்பட்டதைக் குறித்துக்கொண்டு, ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது நீதிமன்றம், 1996-ல். மகாத் குளத்துக்கும் பாலாற்றுக்கும் இப்படியொரு வாய்க்கால் ஓடுகிறது.

ஆனால் தோழர்களே, ஆலை மூடினால் அடுப்பு அணைகிறது; கழிவு ஓடினால் கிணறு கெடுகிறது. இரண்டுக்கும் நடுவே நிற்பவன் சுண்ணாம்புத் தொட்டியிலே கால் வெந்த தொழிலாளி. அவன் வழக்கைப் பேச அவன் வீட்டிலிருந்தே ஒரு வழக்கறிஞர் வரவேண்டாமா? காலணி ஆலையிலே தையல் இயந்திரம் ஓட்டும் தாயின் மகள் கறுப்பு அங்கி அணிய வேண்டாமா?

லண்டனுக்குக் கப்பலேற வேண்டியதில்லை. காட்பாடியிலே 2008 முதல் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. சட்டப் பல்கலைக் கழகமோ அண்ணலின் பெயரையே தாங்குகிறது. நம் படிப்பகங்களிலே நாளேடு இருக்கிறது, கேரம் பலகையும் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் தமிழ்ப் பதிப்பு ஒன்றும், தொழிற்சாலைச் சட்டம் ஒன்றும் இந்த மாதச் சந்தாவிலேயே வாங்கி வையுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளை மாலையிலே அங்கே அழைத்து வாருங்கள். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கக் கிளைச் செயலாளர் அருகே உட்காரட்டும்.